கார்டு வரவில்லை, தம்பி வந்தான்

1

இந்த மார்கழியில் லேக் மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தேன். கல்கத்தாவில் குடித்தனம் வைத்த நாளிலிருந்து இப்படி ஒரு தடவைகூட நடந்ததில்லை.

அங்கே நம்மூர்ச் சாமான் விற்கிற கடை ஒன்று உண்டு. அப்பளம், வடகம், குங்குமம், தமிழ்க் காலண்டர் எல்லாம் கிடைக்கும். மார்கழி பிறந்ததும் வாசலில் கயிறு கட்டி, கொடியில் துணி காயப்போட்டதுபோலப் பொங்கல் வாழ்த்துக் கார்டுகளைத் தொங்கவிடுவார்கள். பானை பொங்குகிற படம், கரும்பு, இரட்டை மாடு, சூரியன். நான் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துத்தான் எடுப்பேன். மாட்டுக்குக் கொம்பு சரியாக இல்லாவிட்டால் வைத்துவிடுவேன்.

இந்த வருஷம் கயிறு இல்லை.

"கார்டு எங்கேப்பா?" என்றேன்.

"இந்த வருஷம் எடுக்கலை மாமி."

"மாமி இல்லைன்னு எத்தனை தடவை சொல்லுதது? அம்மான்னு சொல்லு. ஏன் எடுக்கலை?"

"யாரும்மா வாங்கறா? எல்லாரும் செல்லுலயே அனுப்பிடறா. போன வருஷம் மிஞ்சினதை எடைக்குப் போட்டுட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எடைக்கா? பொங்கல் பானையையும் சூரியனையும் தராசில் வைத்துப் பழைய பேப்பர்க்காரனிடமா கொடுத்தான்? அவன் அதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறான். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் பஸ் ஏறினேன். கிடர்பூர் வீடு வந்து சேரும்வரை நெஞ்சு ஆறவில்லை.

அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எனக்கு எழுத்து கொஞ்சம்தான். இரண்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். ஒரு பக்கம் எழுத எனக்கு இரண்டு மத்தியானம் ஆகிறது. கொம்பும் காலும் விட்டுப்போனதை மருமகள் சரிபார்த்துத் தருகிறாள். ஆனால் நான் சொல்கிற விஷயத்தை அவள் மாற்றக்கூடாது, அது பேச்சு.

காகிதக் கார்டு இனிமேலும் வேண்டுமா என்று ஊரில் இருக்கிற நீங்கள் கேட்கலாம். தெருமுனையில் சொந்தக்காரர்கள் இருக்கிறவர்களுக்கு அது வெறும் கேள்வி. எனக்கு அப்படி இல்லை. ஒரு வருஷம் கார்டு போகாமல் இருந்ததில் என் வீட்டு வாசலில் நடந்ததைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

2

எனக்குப் பிறந்த ஊர் தூத்துக்குடி. எங்கள் வீட்டுக்காரருக்கும் அதே ஊர்தான். கல்யாணத்துக்கு முன்பே அவர் கிடர்பூர் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் சரக்கு எண்ணிக் குறிக்கிற வேலைக்கு வந்துவிட்டார். கல்கத்தா வெளிநாடு இல்லை என்பார்கள். ரயிலில் இரண்டு ராத்திரி தூங்கி எழுந்து இறங்கினால், தண்ணீர் கேட்பதற்குக்கூட வாய் வராத ஊர் வெளிநாடு இல்லாமல் வேறு என்ன? நான் வங்காளி பேசக் கற்றுக்கொண்டது காய்கறிக்காரனோடு சண்டை போட்டுத்தான். இன்றைக்கும் எனக்குக் கோபம் வந்தால்தான் நல்ல வங்காளி வரும்.

ஊரோடு எனக்கு மிஞ்சியது பொங்கல் கார்டுதான். அதற்கு ஒரு முறை வைத்திருந்தேன். வாங்கி வந்த கார்டுகளின் நாலு மூலையிலும் மஞ்சள் குழைத்துத் தடவுவேன். நிழலில் காயவைத்து, உள்ளே 'சங்கரவடிவு' என்று என் பெயரை நானே எழுதுவேன். மற்ற வரிகளையும் விலாசங்களையும் அவர் எழுதுவார். தபால்பெட்டியில் நான்தான் போடுவேன். உள்ளே விழுகிற சத்தம் கேட்காமல் அந்த இடத்தைவிட்டு நகர மாட்டேன். சில சமயம் பெட்டி நிறைந்து சத்தமே வராது. அப்போது மேலே ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பேன். போகிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

எங்கள் அம்மா இறந்தபோது தந்தி இங்கே வந்து சேர்வதற்குள் அங்கே எல்லாம் முடிந்து சாம்பலும் கரைத்தாகிவிட்டது. அம்மா முகத்தை நான் பார்க்கவில்லை. அந்த வருஷம் எங்களுக்குப் பொங்கல் இல்லை. துஷ்டி விழுந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை பானை ஏற்றக்கூடாது, வாழ்த்தும் அனுப்பக்கூடாது. உங்களுக்குத் தெரியாததா? அந்தத் தைக்குத் தம்பியிடமிருந்தும் கார்டு வரவில்லை, இங்கேயிருந்தும் போகவில்லை. அதற்குப் பிறகு எங்களுக்குள் ஒரு கணக்கு வந்துவிட்டது, யாரும் வாயால் சொன்னதில்லை. தந்தியை நம்ப முடியாது. பொங்கல் கார்டு வந்தால் அந்த வீட்டில் எல்லோரும் சுகம். வராவிட்டால் அங்கே ஒரு சாவு விழுந்திருக்கிறது.

தம்பி என்றேனே, அவன் சுப்பையா. எனக்குக் கூடப்பிறந்தவன் அவன் ஒருவன்தான். அவனுக்கும் எங்கள் வீட்டுக்காரருக்கும் பேச்சு இல்லை. அவன் மகள் கல்யாணத்துக்கு வெற்றிலை பாக்கோடு நேரில் வந்து அழைக்காமல் பத்திரிகையைத் தபாலில் அனுப்பிவிட்டான். மூலையில் மஞ்சள் எல்லாம் ஒழுங்காகத்தான் தடவியிருந்தது. இருந்தாலும் இவருக்கு ஆகவில்லை.

"நான் என்ன அந்நியனா, தபால்ல கூப்பிட? வீட்டு மாப்பிள்ளைய நேர்ல வந்து கூப்பிடணும்."

"அவன் கடையைப் போட்டுட்டு எப்படிங்க இவ்வளவு தூரம் வருவான்?"

"அப்ப நானும் என் வேலையைப் போட்டுட்டு எப்படிப் போவேன்?"

போகவில்லை. என்னையும் விடவில்லை. அங்கே சுப்பையாவுக்கும் ரோஷம். "அக்கா வரட்டும், போகட்டும். அந்த மனுஷனை இனி அத்தான்னு கூப்பிட மாட்டேன்" என்று ஊர் கேட்கச் சொல்லிவிட்டான். நம் பக்கத்தில் ரோஷத்துக்கு என்றைக்குப் பஞ்சம் வந்தது? அன்றிலிருந்து அவன் விலாசத்தை மட்டும் எங்கள் வீட்டுக்காரர் எழுத மாட்டார். மற்ற எல்லாக் கவரையும் எழுதிவிட்டு அதை மட்டும் தனியாக என் பக்கம் தள்ளுவார்.

நான் என்ன செய்வேன்? பழைய கவர் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் இருக்கிற இங்கிலீஷ் எழுத்தைக் கோலம் போடுகிறமாதிரி, எங்கே வளைகிறது, எங்கே நிற்கிறது என்று பார்த்துப் பார்த்து இழுப்பேன். எது எந்த எழுத்து என்று எனக்குத் தெரியாது. ஆனால் கார்டு போய்ச் சேர்ந்தது. ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் மிச்சம் இருந்த கயிறு அது ஒன்றுதான். அதையும் அறுத்துவிட்டால் எனக்குப் பிறந்த வீடு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. அந்தப் பயம் எனக்கு எப்போதும் உண்டு.

3

எங்கள் மகன் குமார் கிடர்பூரில் பிறந்தவன். வங்காளியில் கனவு காண்கிறவன். தமிழ் பேசுவான், எழுத வராது. கம்ப்யூட்டர் வேலை கிடைத்து சால்ட் லேக்கில் வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை பெண்டாட்டியோடு வருவான். எங்களையும் அங்கே வரச்சொன்னான். நாங்கள் மாட்டேன் என்றோம். கப்பல் சங்கு கேட்காத இடத்தில் இவருக்குத் தூக்கம் வராது.

நாலைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு மார்கழி. எனக்கு முழங்கால் வீங்கி மாடிப்படி இறங்க முடியவில்லை. கார்டுகளுக்கு மஞ்சள் தடவி, பேர் எழுதி, தம்பி விலாசத்தையும் கோலம்போல இழுத்து முடித்து, கட்டிவைத்திருந்தேன். தம்பி கார்டில் மட்டும் எங்கள் புது டெலிபோன் நம்பரையும் எழுதியிருந்தேன். அந்த வருஷம் டெலிபோன் ஆபீசில் எல்லா நம்பரையும் மாற்றிவிட்டார்கள். நம்பரை மாற்றினவர்கள், சொந்தக்காரர்களுக்கு யார் சொல்வது என்று நினைத்துப் பார்த்தார்களா?

குமார் வந்தான்.

"அரே மா, இந்தக் காலோட எங்கே போற? கொடு, நான் அனுப்பிடறேன்."

"பெட்டியில போடணும்."

"நான் பாத்துக்கறேன்."

"சத்தம் கேட்டுட்டு வா."

"சரிம்மா, சரிம்மா."

நான் நம்பிக் கொடுத்தேன். பெற்ற பிள்ளையை நம்பாமல் யாரை நம்புவது?

அந்தத் தைக்கு நாங்கள் பானை வைத்தோம், பொங்கினோம். கீழ்வீட்டில் வீட்டுக்கார அம்மாள் இருக்கிறாள். வங்காளத்தில் அண்ணியைக் கூப்பிடுகிறமாதிரி நான் அவளை பௌதி என்பேன். அவளுக்கும் ஒரு கிண்ணம் பொங்கல் கொடுத்தேன். தம்பியிடமிருந்து கார்டு வந்திருந்தது, மூலையில் மஞ்சளோடு. அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

4

பொங்கல் முடிந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். காலை நேரம். இவர் பால் வாங்கவும் காய் வாங்கவும் பஜாருக்குப் போயிருந்தார். நான் அடுப்படியில் இட்லிக்கு வைத்துக்கொண்டிருந்தேன்.

கீழே தெருவில் ஒரு ஓலம் கேட்டது. ஆம்பிளை அழுகிற சத்தம். இந்த ஊரில் யாரும் அப்படி அழ மாட்டார்கள். நம்மூர் அழுகை. வார்த்தையும் தமிழ்.

"அத்தான்... என் அத்தானே... ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டீயளே அத்தான்..."

குரல் எனக்குத் தெரிந்த குரல். என் தம்பியின் குரல்.

அந்த நிமிஷத்தில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? தூத்துக்குடியிலிருந்து இவன் எப்படி வந்தான், ஏன் வந்தான் என்றெல்லாம் தோன்றவே இல்லை. பஜாருக்குப் போன மனுஷனுக்கு ஏதோ ஆகிவிட்டது, எனக்குத் தெரிவதற்கு முன்னாலேயே என் பிறந்த வீட்டுக்குத் தெரிந்துவிட்டது, இதோ வந்து நிற்கிறார்கள் என்றுதான் தோன்றியது. புத்தி அப்படித்தான் வேலை செய்கிறது. கையிலிருந்த கரண்டி எங்கே விழுந்தது என்று தெரியாது. தாலியைக் கையில் பிடித்துக்கொண்டேன். கால் வலித்ததா என்றும் தெரியவில்லை. வராந்தாவுக்கு ஓடி எட்டிப் பார்த்தேன்.

வாசல் கேட்டில் சுப்பையா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து அழுகிறான். அவன் பெண்டாட்டி செல்லம்மா மாரில் அடித்துக்கொள்கிறாள். கைவண்டிக்காரர்கள், கடைக்காரர்கள், எல்லோரும் கூடிவிட்டார்கள். பௌதி வெளியே ஓடிவந்து, "கே மாரா கேச்சே? கே மாரா கேச்சே?" என்று கேட்கிறாள். யார் செத்தது என்று.

அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் எங்கள் வீட்டுக்காரர் நிற்கிறார். ஒரு கையில் பால், ஒரு கையில் காய்கறிப் பை. முருங்கைக்காய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. யார் வீட்டு எழவு என்று குதிகாலை உயர்த்தி எட்டிப் பார்க்கிறார்.

எனக்குச் சத்தம் வரவில்லை. வாயைத் திறந்தேன், காற்றுத்தான் வந்தது.

கீழே பௌதிதான் முதலில் அவரைப் பார்த்தாள். கூட்டம் விலகியது. செல்லம்மா நிமிர்ந்தாள். மாரில் அடிக்கப் போன கை அப்படியே நின்றுவிட்டது.

"ஏங்க... ஏங்க... இங்கன பாருங்க..."

சுப்பையா துண்டை விலக்கிப் பார்த்தான். பார்த்தவன் எழுந்திருக்கவும் இல்லை, அழுகையை நிறுத்தவும் இல்லை. வாய் மட்டும் 'அத்தான்' என்ற வார்த்தையின் பாதியில் திறந்தபடி இருந்தது.

எங்கள் வீட்டுக்காரர் பாலைக் கீழே வைக்கவில்லை. பையைக் கீழே வைக்கவில்லை. அவனைப் பார்த்தார். பிறகு மேலே என்னைப் பார்த்தார்.

"வடிவு," என்றார். "உன் தம்பி வந்திருக்கான். யாருக்காம் அழுகுதான்?"

சாவுக்கு வந்தவர்களை வா என்று கூப்பிடக்கூடாது என்பது முறை. நான் மாடியிலிருந்து கத்தினேன். "வாப்பா! வா! வா சுப்பையா! வா செல்லம்மா! வாங்க!" எத்தனை தடவை 'வா' சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அந்த ஓலத்தை அந்த வார்த்தையால் அடித்து விரட்டுகிறமாதிரி சொல்லிக்கொண்டே இருந்தேன்.

5

மாடியில் உட்கார்ந்தபிறகுதான் விவரம் வந்தது. சுப்பையா தண்ணீர் குடிப்பான், அழுவான், சிரிப்பான், மறுபடி அழுவான்.

"கார்டு வரலை அக்கா. மாட்டுப் பொங்கல் வரைக்கும் பாத்தேன். காணும் பொங்கல் அன்னைக்குத் தபால்காரரைப் பிடிச்சுக் கேட்டேன். கல்கத்தாவுலருந்து ஒண்ணும் இல்லைங்காரு. எஸ்.டி.டி. பூத்துல போயி போன் போட்டா, இந்த நம்பர் இல்லைன்னு ஒரு பொம்பளை வங்காளியிலயும் இங்கிலீஷ்லயும் சொல்லுதா."

"அதுக்கு? அவுக போயிட்டாகன்னு எப்படிடா முடிவு கட்டுன? நான் போயிருக்கக் கூடாதா?"

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"நீ போயிருந்தா அத்... அவரு தந்தி அடிச்சிருப்பாரு. என்ன கோவம் இருந்தாலும் அதைச் செய்யாம இருக்க மாட்டாரு. தந்தி வரலை. அப்ப தந்தி அடிக்கிறவருதானே போயிருக்கணும்? உனக்கு எழுத வராது. குமாருக்கு நம்ம முறை தெரியாது. நீ ஒத்தையில உக்காந்து அழுதுகிட்டு இருப்பேன்னு நினைச்சேன் அக்கா. ரயில்ல இடம் இல்லை. கக்கூஸ் பக்கத்துல உக்காந்துதான் வந்தோம்."

எங்கள் வீட்டுக்காரர் நாற்காலியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து பேப்பர் படிக்கிறமாதிரி இருந்தார். பேப்பர் தலைகீழாக இல்லை, ஆனால் பக்கம் திரும்பவே இல்லை.

செல்லம்மா ஒரு பையைப் புடவைத் தலைப்பால் மூடி மூடி வைத்துக்கொண்டிருந்தாள். நான் கவனித்துவிட்டேன்.

"அது என்னட்டி?"

"ஒண்ணுமில்லை மதினி."

"காட்டு."

"வேண்டாம் மதினி. உங்க கால்ல விழுதேன். பாக்காதீய."

எனக்குப் புரிந்துவிட்டது. புருஷன் போனவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவரவேண்டிய கோடிச் சேலை. என் வீட்டுக்குள், நான் பொட்டும் பூவுமாக உட்கார்ந்திருக்க, என் தம்பி பெண்டாட்டி மடியில் எனக்குக் கோடி. பௌதி வாசலில் நின்று, "கீ ஹோலோ?" என்று கேட்கிறாள், என்ன ஆயிற்று என்று. நான் அவளுக்கு எந்த பாஷையில் சொல்வேன்?

எங்கள் வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்தார்.

"வடிவு, அதை வாங்கிக் கொடு. என் சாவுக்கு உன் தம்பி என்ன தரத்துல சேலை எடுத்திருக்கான்னு பாக்கணும்."

"என்னங்க பேச்சு இது!"

"கொடுன்னேன்."

செல்லம்மா அழுதுகொண்டே பிரித்தாள். சந்தன நிறம், மெல்லிசாகப் பச்சைக் கரை. "வெள்ளை எடுக்க மனசு வரலை மதினி," என்றாள்.

அவர் முந்தானையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். சரக்குப் பார்த்த கை அது, சும்மா விடாது. "நல்ல நூலு," என்றார். "ஒண்ணு சொல்லு உன் தம்பிகிட்ட. கல்யாணத்துக்கு நேர்ல வந்து கூப்பிட முடியாதவன் சாவுக்கு நேர்ல வந்துட்டான்னு சொல்லு."

சுப்பையாவும் என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னான். "நல்லதுக்குக் கூப்பிட்டாத்தான் வரணும், கெட்டதுக்குக் கூப்பிடாமலே வரணும்னு முறை இருக்குல்ல? அதைச் சொல்லு அவருகிட்ட."

இரண்டு பேரும் ஒரே அறையில் இருக்கிறார்கள். முழங்கால் முட்டுகிற தூரம். நடுவில் நான் தபால்பெட்டி.

குமாருக்கு பௌதி போன் பண்ணிவிட்டாள். அவன் சால்ட் லேக்கிலிருந்து பதறிக்கொண்டு வந்தான். தாய்மாமனைப் பார்த்ததும் விழித்தான்.

"குமாரு, கார்டைப் போட்டியா இல்லையா?"

"அனுப்பினேனேம்மா."

"பெட்டியிலயா?"

"இல்லைம்மா. ஸ்கேன் பண்ணி எல்லாருக்கும் மெயில்ல அனுப்பினேன். உன் கையெழுத்து, மஞ்சள்கூட அப்படியே தெரியும். மாமா பையனுக்கும் போச்சு."

"எங்க பய பிரவுசிங் சென்டருக்கு மாசத்துக்கு ஒருக்கா போறதே பெரிசு," என்றான் சுப்பையா.

"அப்ப நான் மஞ்சள் தடவின கார்டு?"

"ஆபீஸ் டிராயர்ல பத்திரமா இருக்கும்மா."

பத்திரமாக! அறைந்திருப்பேன். கை தூக்கினேன், கால் வலி இழுத்துவிட்டது. அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "வாழ்த்து போச்சுல்லம்மா? வாழ்த்துதானே?" என்று கேட்கிறான். வாழ்த்து போனதடா. வாழ்த்து யாருக்கு வேண்டும்? வராமல் இருந்தால் அதுவும் ஒரு சேதி என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியுமா? கம்ப்யூட்டரில் ஒன்று வராவிட்டால் மெஷின் கோளாறு என்று விட்டுவிடுவார்கள். கார்டு வராவிட்டால் கக்கூஸ் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு ராத்திரி பயணம் செய்து வருவார்கள்.

செல்லம்மா கையிலிருந்த சேலையை அவனிடம் காட்டி இது எதற்கு என்று சொன்னேன். என் பிள்ளை முகம் வெளுத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அப்பாவைப் பார்த்தான். சேலையைப் பார்த்தான். அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

6

கோடியை வீட்டில் வைக்கக்கூடாது. திருப்பி எடுத்துப்போகவும் கூடாது. யாருக்கும் கொடுக்கவும் மனசு வராது. என்ன செய்வது என்று பெண்கள் நாங்கள் விழித்துக்கொண்டிருந்தபோது எங்கள் வீட்டுக்காரர்தான், "கங்கை எதுக்கு இருக்கு? கிளம்புங்க" என்றார்.

மறுநாள் காலையில் குமார் காரில் பாபு காட் என்கிற கங்கைப் படித்துறைக்குப் போனோம். மாசிப் பனிபோல மூடியிருந்தது. படகுகள் அசையாமல் நின்றன. தேங்காய், பழம், மேலே அந்தச் சேலை. அதை விடவேண்டியவன் கொண்டுவந்தவன்தான். சுப்பையா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியில் இறங்கினான். எங்கள் வீட்டுக்காரர் இரண்டு படி மேலே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் மேலே குமார் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எனக்குச் சேலை போனால் போதும் என்று இல்லை. அடுத்த ரயிலில் இவன் ஏறிவிட்டால், இவ்வளவுக்கும் பிறகு இரண்டு பேரும் பழையபடி வாயை மூடிக்கொண்டால், இனி என் காலத்தில் இது தீராது. சாவுக்கே வந்து சேராத உறவு வேறு எதற்குச் சேரும்? கங்கையை வேண்டிக்கொண்டேன். எனக்கு வங்காளியில் வேண்டத் தெரியாது, தமிழிலேயே வேண்டினேன்.

சுப்பையா இன்னும் ஒரு படி இறங்கினான்.

"பாத்து நில்லு சுப்பையா," என்றார் எங்கள் வீட்டுக்காரர். "படி பாசியா இருக்கு."

என்னிடம் சொல்லவில்லை. அவனிடம் சொன்னார்.

சுப்பையா திரும்பவில்லை. சேலையை விட்டான். அது கொஞ்ச தூரம் சுருண்டு போய், பிறகு மெல்ல விரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, "சரி அத்தான்" என்றான்.

அவ்வளவுதான். யாரும் கட்டிப் பிடித்துக்கொள்ளவில்லை. மேலே ஏறி வந்ததும் இவர், "தமிழ்க் கடையில ஒரு காப்பி குடிப்போமா, வங்காளிக்காரன் டீ உனக்கு ஆகாது" என்று கேட்டார். போகிற வழியெல்லாம் தூத்துக்குடி உப்பு விலையைப் பற்றிப் பேசிக்கொண்டு போனார்கள். காரில் இவர் குமாரிடம் சொன்னதுதான் எங்கள் வீட்டில் இன்றைக்கும் பேச்சு: "செத்தா யாரு வருவா, யாரு வரமாட்டான்னு மனுஷன் பாக்க முடியாது. உன் புண்ணியத்துல நான் பாத்துட்டேன்டா."

குமார் சிரிக்கவில்லை.

7

இதெல்லாம் நடந்த கதையை பௌதிக்கு ஒருவாறு சொல்லி முடித்தேன். அவள் சிரிப்பாள் என்று பார்த்தால், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துர்க்கா பூஜை முடிந்தால் அவளுக்குப் பிஜோயா கார்டுகள் குவியும். பெரியவர்களுக்குப் பிரணாமம், சின்னவர்களுக்கு ஆசீர்வாதம். முன்பெல்லாம் தபால்காரர் அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்து இனிப்புத் தின்றுவிட்டுப் போவார். இப்போது டில்லியில் இருக்கிற மகன் போன் பண்ணிவிடுகிறான். "போனில் காலைத் தொட முடியுமா தீதி?" என்று அக்கா முறை வைத்துக் கேட்டாள். முடியாது. அதே சமயம் நேரில் வராத காகிதத்திலும் காலைத் தொட முடியாது, அதையும் நான் ஒத்துக்கொள்கிறேன். அந்தக் காகிதத்தால்தானே எங்கள் வீட்டுச் சண்டையே ஆரம்பித்தது. ஒன்றைச் சொன்னால் இன்னொன்றையும் சொல்லவேண்டும்.

இப்போது சுப்பையாவிடமும் செல்போன் இருக்கிறது. இவரும் அவனும் வாரத்துக்கு ஒரு தரம் பேசிக்கொள்கிறார்கள். எனக்குக்கூடப் போனைக் கொடுப்பதில்லை. அப்படியானால் கார்டு எதற்கு என்று மருமகள் கேட்டாள். அவள் கேட்டது நியாயம்தான்.

அந்தச் சம்பவத்துக்கு அடுத்த மார்கழியில் நான் மஞ்சள் குழைத்துக்கொண்டிருந்தேன். இவர் விலாசம் எழுதிக்கொண்டிருந்தார். தள்ளிவிடுவாரே என்று நான் பழைய கவரை எடுத்துவைத்து, கோலம் இழுக்கத் தயாராக இருந்தேன். கவர் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். முதலில் எழுதியதே சுப்பையா விலாசம். சரக்குக் குறித்த கையல்லவா, எழுத்து அச்சுப் போட்டதுபோல இருந்தது. என் பெயருக்குக் கீழே இன்னும் ஒரு வரி எழுதியிருந்தார். எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

'உயிரோடு இருக்கிறேன். அத்தான்.'

ஒவ்வொரு வருஷமும் அந்த வரி போகிறது. சுப்பையாவிடமிருந்தும் அதே வரி வருகிறது, 'மைத்துனன்' என்று. பிள்ளைகள் இதைப் படித்துச் சிரிக்கிறார்கள். எங்களுக்கு இது சிரிப்பு இல்லை. வாரத்துக்கு ஒரு தரம் போனில் பேசுகிற இரண்டு பேருக்கும் இந்த வரியைப் போனில் சொல்ல வாய் வராது.

அதனால்தான் அந்தக் கடைக்காரன் சொன்னதைக் கேட்டு அப்படி அதிர்ந்து போனேன். வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். இவருக்கும் முகம் மாறிவிட்டது. "படம் இல்லாட்டிப் போகுது, தபாலாபீஸ் கார்டு இருக்குல்ல?" என்றார். குமார்தான் வாங்கி வந்தான். வெறும் மஞ்சள் அட்டை. பானை இல்லை, மாடு இல்லை. மூலையில் நான் மஞ்சள் தடவினால் அட்டை நிறத்தில் அது தெரியவே இல்லை. மூக்கருகில் வைத்தால் தெரிகிறது.

லேக் மார்க்கெட் போய்வந்த அலைச்சலில் எனக்கு மறுபடி முழங்கால் வீங்கி, படி இறங்க முடியவில்லை. நேற்று கார்டை குமார் வாங்கிக்கொண்டான். நான் ஒன்றும் சொல்லக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். தெருமுனையில் பெட்டி தெரியும். என் பிள்ளை கார்டைப் போட்டான். போட்டுவிட்டு உடனே திரும்பவில்லை. குனிந்து கொஞ்ச நேரம் நின்றான். பிறகு பெட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினான். அந்தப் பக்கம் போன பெண் பிள்ளைகள் இரண்டு பேர் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள்.

மேலே வந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் சொன்னான்.

"விழுந்துடுச்சும்மா. சத்தம் கேட்டுட்டுத்தான் வாரேன்."